விளக்கின் மேல் ஒட்டிய துணி

ஞாயிறு, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அவர் நலம். என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறாள். என்னைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மாமாவின் முட்டிவலி தேவலையா? பெரியவன் பரீட்சை எழுதி முடித்துவிட்டானா? இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் ஒன்று அழுதுவிடுவேன், இல்லையென்றால் வழக்கம்போல வானிலையைப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். ஏழு வருஷமாக நாம் வானிலைதானே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம் சலவைக்கூடம் நீ விட்டுப்போன மாதிரி இல்லை. ஆஸ்பத்திரித் துணி அதேதான், நாற்றமும் அதேதான். ஆனால் புது மேலாளர் அம்மா வந்தபின் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் உயரமான நாற்காலி வந்தது. தண்ணீர் குடிக்கக் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டியதில்லை. குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டியும் வைத்தார். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் இரண்டு மிட்டாய்த் தாள் கிடந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அந்த அம்மா கோபப்படவில்லை. "பரவால்ல, மிட்டாயாவது சாப்டீங்களே" என்று சிரித்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டார்.

இஸ்திரி உருளையில் நிற்கும் தம்பியை நீ பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்குக் காது கேட்காது. வந்த புதிதில் அவனை 'ரேடியோ' என்று கூப்பிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், மறைப்பானேன். மேலாளர் அம்மா அதை நிறுத்தி, வாரம் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கைமொழி வகுப்பு வைத்தார். இப்போது அவன்தான் எங்களுக்கெல்லாம் கையால் பெயர் வைக்கிறான். மேற்பார்வையாளருக்கு மீசையை முறுக்கிக் காட்டுவான். எனக்கு மூக்கின் மேல் விரலை வைத்து மேலே தள்ளுவான். என் கண்ணாடி எப்போதும் சரிந்துகொண்டே இருக்கிறதாம்.

ஈரத்துணி மூட்டைகள் தலைக்கு மேலே கம்பியில் ஊர்ந்து வந்து உருளைக்குப் பக்கத்தில் இறங்குமே, அது உனக்கு நினைவிருக்கும். இறங்கும் முன் மணி அடிக்கும், நாம் விலகிக்கொள்வோம். மணி தம்பிக்குக் கேட்காது என்பதால் அவனுக்காகச் சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டினார்கள். மணியோடு சேர்ந்து அது எரிந்து எரிந்து அணையும்போது அவன் இரண்டடி தள்ளி நிற்பான். ஒரு வருஷமாக ஒரு கீறல்கூட இல்லை.

அந்த விளக்கு நேராக என் மேசையைப் பார்த்து இருந்தது, அக்கா. நான் இப்போது விரிப்புகளில் கறை இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் வேலையில் இருக்கிறேன். சிவப்பு வெளிச்சம் விழுந்தால் இரத்தக் கறை கண்ணுக்கே தெரியாது. போன மாதம் கறையோடு ஒரு விரிப்பு என் கையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும், "கண்ணாடி போட்டும் குருடா?" என்று கேட்டார். விளக்கைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்தப் பையனுக்கு வைத்த விளக்கு இவளுக்குப் பொறுக்கவில்லை என்பார்களோ, குறைசொல்லி என்று பெயர் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை தம்பி லீவு. கிழிந்த விரிப்பில் ஒரு துண்டைக் கிழித்து, டேப் போட்டு விளக்கின் மேல் ஒட்டினேன். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. ஓடிவிட்டேன்.

புதன் காலை, அந்தத் துணி எனக்கு நினைவுக்கு வருவதற்குள் மூட்டை வந்துவிட்டது. மணி அடித்தது. நாங்கள் எல்லோரும் விலகினோம். தம்பி குனிந்து துணியைச் சீர்செய்துகொண்டிருந்தான். மூட்டை அவன் தோளில் இடித்து உருளைப் பக்கம் தள்ளியது. பக்கத்தில் துணி மடிக்கிற பெரியம்மா பாய்ந்து அவனை இழுத்தார். அவன் பிழைத்தான், பெரியம்மாவுக்கு மூன்று விரல் வெந்துவிட்டது. அந்த அலறலில் எல்லோரும் அங்கே ஓடினார்கள். நான் விளக்குப் பக்கம் ஓடினேன். துணியைப் பிய்த்து என் பைக்குள் திணித்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. அதை நினைத்தால்தான் எனக்கு என் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

மேற்பார்வையாளர் விளக்கைப் போட்டுப் பார்த்தார், நன்றாக எரிந்தது. பிறகென்ன? தம்பி கவனிக்கவில்லை, காது கேளாதவர்களை இயந்திரத்தின் பக்கம் வைப்பது எல்லோருக்கும் ஆபத்து என்று அறிக்கை எழுதிவிட்டார். அடுத்த மாதம் சேர இருந்த இரண்டு பெண்களுக்கும் காது கேட்காது, அவர்களையும் வர வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள். தம்பிக்கு அடுத்த வாரத்தோடு வேலை இல்லை. கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தப் பயம்.

வெள்ளிக்கிழமை தம்பி என் மேசைக்கு வந்தான். விரல்களை மூடி மூடித் திறந்தான், அது விளக்கு. பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான். விளக்கு எரிந்ததா, எனக்குத்தான் தெரியவில்லையா என்று கேட்கிறான். நான் தெரியாது என்று தலையாட்டினேன். நேற்று அவன் கண் டாக்டரிடம் போயிருக்கிறான், அக்கா. காதுதான் இல்லை, கண்ணும் போகிறதோ என்று பயந்துபோய் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.  வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவனோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

நாளை பத்து மணிக்குக் கூட்டம். மேலாளர் அம்மாவின் வழக்கம் இது. விபத்து நடந்தால் எல்லோரையும் வட்டமாக உட்கார வைப்பார். "யார் செஞ்சாங்கன்னு கேக்க மாட்டேன். எப்படி நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. உண்மைய சொன்னவங்கள நான் தண்டிக்க மாட்டேன்" என்பார். அதற்குப் பிறகுதான் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவாராம். நம்பலாமா என்று வீட்டில் இவரிடம் கேட்டேன். "எல்லா மேலாளரும் வாயத் தெறக்க வைக்கத்தான் இனிக்க இனிக்கப் பேசுவாங்க. யாரும் பாக்கலைல்ல? சும்மா இரு" என்றார். அவரும் பயந்துதான் சொல்கிறார். பழைய மேலாளரும் "மனசுல இருக்கறத தைரியமா சொல்லுங்க" என்றுதானே சொன்னார்.

ஏழு வருஷத்துக்கு முன் அவர் கூட்டிய அந்தக் கூட்டத்தில், நீராவிக் குழாய் கசிகிறது என்று முதலில் நீ சொல்வது, உடனே நான் எழுந்து ஆமாம் என்பது என்று முந்தின நாள் துணி காயப்போடும்போது பேசி வைத்திருந்தோம். நீ எழுந்து சொன்னாய். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். நான் குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சரிசெய்ய அதில் ஒன்றுமே இல்லை, அக்கா. நீ இன்னும் கொஞ்ச நேரம் நின்றாய், பிறகு தனியாக உட்கார்ந்தாய். அந்த மாதமே உன்னை அனுப்பிவிட்டார்கள். ஊரை விட்டுப் போகும்போது எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நாளைக்கு நான் சொல்லிவிடுவேன். ஆனால் அங்கே போனதும் குனிந்துவிடுவேனோ என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை முதலில் தபாலில் போட்டுவிட்டு உள்ளே போகப் போகிறேன். உனக்கு எழுதிப் போட்டபின் பேசாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை. தம்பியிடமும் அந்தக் கூட்டத்திலேயே கையால் சொல்ல வேண்டும். மன்னிப்புக்கு எப்படிக் கை வைப்பது என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள், இன்று காலையிலிருந்து கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன்.

மாமாவை மருந்து மறக்காமல் சாப்பிடச் சொல். பிள்ளைகளுக்கு என் அன்பு. இது உன் கைக்கு வரும்போது எனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு இன்னும் தங்கை இருக்கிறாளா என்று மட்டும் ஒரு வரி எழுது, அக்கா.

பயத்துடனும் அன்புடனும்,
சின்னவள்