கார்ச் சாவியும் உன் விண்ணப்பமும்

அன்புத் தங்கச்சிக்கு,

மருத்துவம் முடிச்சதும் அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா எண்டு கேட்டாய். நான் தரவு பார்க்கிற ஆள். அங்கை முந்தி ஆரை எடுத்தவை எண்ட முடிவுகளைப் போட்டுப் பார்த்து, "கஷ்டம், வெளிநாட்டுப் பிள்ளையளைக் குறைவாத்தான் எடுக்கினம்" எண்டு முகத்துக்கு நேரே சொன்னன். நீ விண்ணப்பத்தை மூடி வச்சிட்டாய்.

இப்ப சொல்லுறன், அனுப்பு.

சனிக்கிழமை லண்டன் இல்ஃபோர்ட் கலியாண மண்டபத்தில் சபாரத்தினம் மாமாவுக்கு வலிப்பு வந்ததும், கையில் இரும்பு குடுக்கவேணும் எண்டு ஆம்பிளையள் எல்லாரும் சாவியோடு ஓடிவந்தினம். நானும்தான். என்ர கார்ச் சாவி முழுக்கப் பிளாஸ்டிக்.

நீ கைப்பையைத் திறந்து நீட்டினாய். "சாவியளை இதுக்குள்ளை போடுங்கோ. கதிரையளைத் தள்ளுங்கோ. மேளத்தை நிப்பாட்டுங்கோ."

மாப்பிள்ளையின் தகப்பனே தன்ர சாவியைப் போட்டார். மாமாவைச் சரிச்சுப் படுக்க வச்சுப் பக்கத்திலேயே இருந்தாய். தெளிஞ்சதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாடு முடிஞ்சுதோ?"

என்ர கணக்கில் இதுக்கு இடமே இல்லை. அப்ப கணக்குத்தான் பிழை. அமெரிக்கா எவ்வளவு தூரம் எண்டதையும் நான் அதில் சேர்க்கேல்லை. சேர்க்கவும் மாட்டன்.

விண்ணப்பத்தை இண்டைக்கே அனுப்பு. பிறகு கைப்பையைத் திறந்து பார். என்ர சாவி இன்னும் அதுக்குள்ளைதான் கிடக்கு.

பஸ்ஸில் வேலைக்குப் போற
உன் அண்ணை