மூன்றாம் ஓலையும் அசையாத திரையும்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகள் பியூலாவுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம், முழங்கால் வலி மட்டும் மழைக்கு வந்து போகிறது, ஆற்றில் தண்ணீர் நிறையப் போவதால் குழாயில் கலங்கலாக வருகிறது, காய்ச்சித்தான் குடிக்கிறேன். நீயும் மருமகனும் ஸ்டெபியும் ஆக்லாந்தில் நல்லபடியாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். ஒரு பெரிய சங்கதி இருக்கிறது, போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசிவிடுவாய், அதனால்தான் கடிதம், நானே டைப் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் நம் கோயில் லேப்டாப் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதில் பாட்டு வரிகளைத் திரையில் போட்டுக்கொண்டிருந்த டார்லினுக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை எஸ்றா, திசையன்விளைப் பக்கம். மூன்று ஞாயிறு பேரை வாசித்து, தடை உண்டா என்று கேட்கிற கல்யாண ஓலை வாரங்களில் பெண் சபைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டாமென்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். கமிட்டிச் செயலாளர் சத்தியநேசன், உனக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு எடுத்த அதே வாத்தியார்தான், வீட்டுக்கு வந்து, “ஜெபகனியக்கா, பியூலா அனுப்புன லேப்டாப்பத் தாங்க, பாட்டுப் போட வண்ணார்பேட்டையில ஒரு ஆள் பாத்திருக்கேன்” என்றார். லேப்டாப் வந்தால் நானும் கூட வருவேன் என்றேன். “எதுக்கு, அதுக்கு விசிறி வீசவா” என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருஷமாக இந்தச் சபையில் எனக்குக் கிடைத்த பொறுப்பு அசன விருந்துக்கு வெங்காயம் உரிப்பது ஒன்றுதான், ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அதற்கு மேல் தரலாமென்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அன்றைக்குத் தோன்றியது. பாட்டு நான்தான் போடுவேன், இல்லாவிட்டால் லேப்டாப் கிடையாது என்றுவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “சரி, மூணு ஞாயிறு பாருங்க. ஒரு தப்பு வந்தாலும் நாற்காலிய அந்த ஆளுக்கு விட்டுரணும், லேப்டாப் மட்டும் இங்கயே இருக்கணும்” என்றார். சம்மதம் என்றேன். அவர் தெருமுனை திரும்புமுன்னே போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

உன் மகள் ஸ்டெபியைத்தான் பிடித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாமென்றது நான், அவளைத் திட்டாதே. பதினாலு வயசில் அந்தப் பிள்ளைக்கு என்ன பொறுமை பியூலா, நான் ஒரே கேள்வியை ஆறு தடவை கேட்டாலும் “பைய, ஆச்சி” என்கிறாள், இங்கே வளராமலே நம் பேச்சு வருகிறது பார். டார்லின் லேப்டாப்பில் பன்னிரண்டு ஜன்னலை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்துத் தேடுவாள். ஸ்டெபி அப்படி வேண்டாமென்று ஒரே லேப்டாப்புக்குள் மூன்று டெஸ்க்டாப் உண்டாக்கச் சொல்லிக் கொடுத்தாள். முதலாவதில் திரைக்குப் போகிற பாட்டு மட்டும். இரண்டாவதில் ஆராதனை முறை இடது பாதியிலும் வேதபாடம் வலது பாதியிலும், விண்டோஸ் பொத்தானோடு அம்புக்குறியை அழுத்தினால் ஒவ்வொன்றும் தன் பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது என் சொந்தம், அதில் உங்கள் போட்டோ, என் மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டு எப்சி கேட்டாளென்று நான் டைப் அடித்த அவள் மகன் எபியின் கல்யாண பயோடேட்டா எல்லாம். கன்ட்ரோல், விண்டோஸ், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். ஒரு நாள் முழுக்கப் போவதும் வருவதுமாகவே இருந்தேன், சோறு குழைந்துபோயிற்று.

முதல் ஞாயிறு பயத்தில் எல்லாவற்றையும் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு முதல் டெஸ்க்டாப்பை விட்டு நகரவில்லை, குறையில்லாமல் முடிந்தது. இரண்டாம் ஞாயிறு தைரியம் வந்துவிட்டது, அதுதான் வினை. காலையில் கோயிலில் ஆள் வருமுன் எப்சி, “அக்கா, எம்புள்ளைய ஒரு தடவ பெருசாப் பாக்கணும்” என்றாள், பாவமென்று மூன்றாவது டெஸ்க்டாப்பில் பயோடேட்டாவைத் திரைக்குத் தள்ளிக் காட்டினேன், திரும்ப எடுக்க மறந்துபோனேன். பிறகு நம் போதகர் ஐயர் இரண்டாம் ஓலை வாசிக்கிறார், திரையில் எஸ்றா பேரும் டார்லின் பேரும் நிற்கின்றன. அடுத்த பாட்டின் எண்ணைப் பார்க்க இரண்டாவது டெஸ்க்டாப்புக்குப் போனேன், விரல் கனத்தில் மூன்றாவதுக்கே போய்விட்டது. என் லேப்டாப்தானே மாறும், திரை அதன்பாட்டுக்கு நிற்குமென்று நினைத்திருந்தேன். திரையும் கூடவே மாறிவிட்டது. இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாமென்று ஐயர் சொல்லி வாய் மூடவில்லை, சுவர் முழுக்க எபி கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறான், கீழே கூடங்குளத்தில் வேலை, நல்ல குணமுள்ள மணமகள் தேவை என்று. எஸ்றாவின் மாமா எழுந்து, “யாரு வே இந்தப் பய, இந்த நேரத்துல வந்து நிக்கான்” என்று கேட்க, பாடகர் வரிசையிலிருந்த எபி, “ஐயா, நான் ஒண்ணும் சொல்லலய்யா, எனக்கு ஒரு தடையும் தெரியாது” என்று கையைத் தூக்கிவிட்டான். ஐயர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தியநேசன் வந்து, “அக்கா, பேசுனபடி” என்று நாற்காலியைக் காட்டினார், நானும் எழுந்துவிட்டேன். ஐயர்தான், ஓலைக்கே இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கட்டும் என்றார். அப்படியானால் நான் பின்னால் நின்று பார்ப்பேன் என்று சத்தியநேசன் சொல்லிவிட்டார். ஸ்டெபி கேட்டுவிட்டு விக்கல் எடுக்கிறவரை சிரித்தாள், பிறகு சொன்னாள், டெஸ்க்டாப்பை மாற்றினால் எத்தனை திரை இருந்தாலும் எல்லாம் சேர்ந்துதான் மாறுமாம். விண்டோஸோடு டேப் அழுத்தி, பாட்டு ஜன்னல் மேல் வலது கிளிக் செய்து, எல்லா டெஸ்க்டாப்பிலும் இதைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஜன்னல் மட்டும் நாம் எங்கே போனாலும் நின்ற இடத்திலேயே நிற்குமாம். வீட்டு டிவியில் ஒயரைச் செருகி ஒரு வாரம் பழகினேன்.

மூன்றாம் ஓலைக்குச் சத்தியநேசன் கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் நின்றார். ஐயர் பேர் வாசிக்கும்போது இரண்டாவதுக்குப் போனேன், வேதபாடம் பார்த்தேன். திரை அசையவில்லை. வேண்டுமென்றே மூன்றாவதுக்கும் போனேன், உங்கள் போட்டோவை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவர் சுவரைப் பார்க்கிறார், லேப்டாப்பைப் பார்க்கிறார், குனிந்து, “இங்கன ஓடுது, அங்கன அப்படியே நிக்குதே, எப்படிக்கா” என்றார். ஆராதனையில் பேசக் கூடாது வாத்தியாரே என்றேன். முடிந்ததும் எல்லார் முன்னிலும், “வண்ணார்பேட்டை ஆள வர வேண்டாம்னு சொல்லிட்டேன், இனி எல்லா ஞாயிறும் நீங்கதான்” என்றார். நான் லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இன்னொன்று, எஸ்றாவின் அந்தத் திசையன்விளை மாமா தன் மகளுக்கு எபியைக் கேட்டு வந்திருக்கிறார், எபி என்னைக் கண்டால் ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்தோத்திரம் சொல்கிறான்.

ஸ்டெபிக்கு என் முத்தம். நீ காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே. கர்த்தர் உங்கள் மூவரையும் கண்ணின் மணிபோலக் காப்பாராக. தை மாதம் ஆறு மாதத்துக்கு எனக்கு டிக்கெட் போடப் போவதாகச் சொன்னாயே, அதை மட்டும் கொஞ்சம் மாற்று, திங்கட்கிழமை இங்கே ஏறி சனிக்கிழமை திரும்பி வந்து இறங்குகிற மாதிரி பார்.

சபையில் திரை பார்க்கும் உன் அம்மா,
ஜெபகனி