கவரின் மேல் ஒரு மரம்

கொல்லமேடு, நகரி வழி
7-2-1960

சிரஞ்சீவி கோவர்த்தனனுக்கு,

உன் நைனா செங்கல்வராயன் வாயால் சொல்ல, பள்ளிக்கூடத்து மணியம்மா கையால் எழுதுவது. கங்கம்மா தயவில் மூச்சு ஓடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

திருப்பதி போய் வந்த பச்சையப்பன் உன்னைப் பார்த்தானாம். நான் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தபோது வரப்பில் நின்று சொன்னான். “உன் புள்ள ஜெர்மனிக்கு எழுதிப் போட்டுட்டு பதிலுக்குக் காத்துக்கினு கீறான்.” கயிறு என் கையை விட்டுப் போய்விட்டது. மாடுகள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தன.

செம்மரத்துக்குள் இருக்கும் சிவப்பு என்ன என்று ஐந்து வருஷம் பார்த்தாய். டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவன் வாசலில் வண்டி வண்டியாய் ஜனம் நிற்கிறது, உன் வாசலில் யார் நிற்பார்கள் என்று கேட்டவன் நான்தான். அதற்காகக் கடல் தாண்டுவார்களா?

என் அண்ணன் தணிகாசலம் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியபோது நான் சிறுவன். மூன்று கடுதாசி வந்தன. மூன்றாவதைப் புத்தூர் சந்தையில் ஒரு பட்டாளத்துக்காரன் வாசித்தான். வாய் நிறைய வெற்றிலை. “சௌக்கியம். இங்கே மழை அதிகம்.” அவ்வளவுதான். பிறகு ஒன்றுமில்லை. அந்த மழை இன்னும் என் காதில் பெய்துகொண்டிருக்கிறது.

அதனால் ஒன்று செய்துவிட்டேன். யாருக்காக வேண்டுகிறோமோ அவனுக்குத் தெரியாமல் வேண்டக் கூடாது என்று உன் அம்மா இருந்தவரை சொல்வாள். ஆகவே சொல்லிவிடுகிறேன். சீமைக்காரன் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் உன் அம்மாவின் சேலையைக் கட்டிப் பெண் வேஷத்தில் வருவதாக நேர்ந்துகொண்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் நைனா
செங்கல்வராயன் (கைநாட்டு)

தம்பி, வேண்டாம் என்று நானும் சொன்னேன். கேட்கிற ஆளா? – மணியம்மா.


திருப்பதி
21-2-1960

அன்புள்ள நைனாவுக்கு,

கோவர்த்தனன் வணக்கம். மணியம்மா அக்கா, எதையும் விடாமல் வாசியுங்கள். அவருக்கு நோகும் என்று தாண்டிப் போக வேண்டாம்.

வேண்டுதலைக் கேட்டதும் சிரித்தேன். சிரிப்பு நிலைக்கவில்லை.

நான் தட்டாத கதவு இல்லை. சித்தூரில் ஒரு கல்லூரிக்குப் போனேன். எல்லை பிரித்தால் உங்கள் ஊர் திருத்தணியோடு மதராசுப் பக்கம் போகுமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று தெலுங்கில் கேட்டார்கள். நிற்கும் என்று தெலுங்கிலேயே சொன்னேன். வீட்டில் என்ன பாஷை என்றார் ஒருவர். தமிழ் என்றேன். அவர் பேனாவை மூடினார். மதராசில் இன்னொரு கல்லூரியில், “ஆந்திராக்காரருக்கு அங்கேயே வேலை இருக்குமே” என்றார்கள். பம்பாய்ச் சாயப் பட்டறை ஒன்றிலிருந்து பதில் வந்தது: சாயம் கலக்க ஆள் வேண்டும், டாக்டரை வைத்து என்ன செய்வது என்று. என்னோடு பள்ளியில் படித்துத் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் வீடு கட்டிவிட்டான். எனக்கு வரும் உதவித்தொகை கோடையோடு நின்றுவிடும்.

ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் இதே சிவப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். இந்த உலகத்தில் நான் வேண்டும் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரும் வேண்டாம் என்று சொல்லட்டும் என்று நீங்கள் நேர்ந்திருக்கிறீர்கள்.

எனக்கும் பயம்தான், நைனா. கடலை நினைத்து இல்லை. இவ்வளவு படித்து யாருக்கும் வேண்டாதவனாகப் போய்விடுவேனோ என்று பயம். அந்த வேண்டுதலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்
கோவர்த்தனன்


கொல்லமேடு
12-4-1960

சிரஞ்சீவி கோவர்த்தனனுக்கு,

எல்லை பிரித்தாகிவிட்டது. திருத்தணி மதராசுக்குப் போயிற்று, நாம் இங்கேயே நிற்கிறோம். பள்ளிக்கூடம் தெலுங்காகிவிடுமோ என்று மணியம்மா அழுகிறாள். (அழவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். – மணியம்மா.) எனக்கு எந்த எழுத்தானாலும் எறும்பு ஊர்ந்த தடம்தான்.

‘யாருக்கும் வேண்டாதவன்’ என்ற இடத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே பூசாரி கங்கையாவிடம் போனேன்.

“சொன்ன வாக்க வாபஸ் வாங்க முடியாது அண்ணே. அம்மா என்ன, சந்தைக் கடையா?” என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அவனே இரக்கப்பட்டுச் சொன்னான். “ஒரு வழி கீது. காரியம் ஆன பின்னாடி செஞ்சா அது கூலி. ஆவறதுக்கு முன்னாடியே செஞ்சுட்டா காணிக்கை. காணிக்கை வாங்கினவ தன் இஷ்டத்துக்குச் செய்வா. உன் பேச்ச கேக்கணும்னு இல்ல.”

ஆகவே ஜாத்திரைக்கு வருகிறேன். அதற்குள் சீமைக் கடுதாசி வந்தால் பிரிக்காதே. வாசிக்காத கடுதாசி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீ பிரித்து, உள்ளே வேண்டாம் என்று இருந்துவிட்டால், என் பேச்சைக் கேட்டுக் கங்கம்மா உன்னைக் கெடுத்தாள் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் நான் எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பேன்? இப்போதெல்லாம் தபால்காரன் மணி கேட்டாலே மாட்டுக் கொட்டகைக்குள் போய்விடுகிறேன்.

உன் நைனா
செங்கல்வராயன் (கைநாட்டு)


திருப்பதி
6-5-1960

அன்புள்ள நைனாவுக்கு,

நேற்று வந்தது. மெல்லிய கவர்.

கூட வேலை பார்க்கும் நாராயணசாமி அதைக் கையில் வைத்து எடை பார்த்தான். “வேலை குடுக்கறவன் இவ்ளோ மெலிசாவா அனுப்புவான்? இல்லன்னு சொல்லத்தான் ஒரு தாள் போதும். பிரிச்சுத் தொலைடா” என்றான். நைனா பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். ஆய்வுக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தான்.

பிரிக்காமல் வைத்திருப்பதால் உள்ளே இருக்கும் எழுத்து மாறாது. இது எனக்குத் தெரியும். ஆனால் கத்தியை எடுத்தால் திரும்ப மேசையிலேயே வைத்துவிடுகிறேன். உங்கள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டதா, இல்லை முதலிலிருந்தே இருந்ததா, தெரியவில்லை.

சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். வேஷம் கட்டி முடித்ததும் என்னிடம் வாருங்கள். இருவரும் சேர்ந்து பிரிப்போம்.

கோவர்த்தனன்


திருப்பதி
18-5-1960

அன்புள்ள நைனாவுக்கு,

ஏன் நிற்காமல் போனீர்கள்?

கோயில் தெருவில் காலையிலிருந்து தேடினேன். சேலை கட்டிய ஆண்கள் நூற்றுக்கணக்கில். மஞ்சள் பூசிய முகங்களில் உங்கள் முகம் எது என்று தெரியவில்லை. ஒரு கிழவி வழியை மறித்தாள். “மரத்த மோந்து பாக்குற டாக்டரே, உனக்கு எவன்டா பட்டம் குடுத்தான்?” என்று தெருவே கேட்கத் திட்டினாள். ஜாத்திரையில் யாரும் யாரையும் திட்டலாமே, நானும் கூட்டத்தோடு சிரித்தேன். அவள் கை என் சட்டைப் பைக்கு வந்தது. அங்கேயே நின்றது. பிறகு மேலே போய் நெற்றியில் குங்குமம் வைத்தது. கூட்டம் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மாவின் அரக்குச் சேலை என்று அதற்கப்புறம்தான் உறைத்தது. கத்தினேன். தப்பட்டைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

விளக்கு வைக்கும் வரை நின்றுவிட்டுப் பிரித்தேன். வரச் சொல்லியிருக்கிறார்கள், நைனா. இரண்டு வருஷம். ஆகஸ்டில் பம்பாயில் கப்பல்.

பதில் போடுங்கள். உங்கள் பதில் வராமல் டிக்கெட்டுக்கு எழுத மாட்டேன்.

கோவர்த்தனன்


கொல்லமேடு
29-5-1960

சிரஞ்சீவி கோவர்த்தனனுக்கு,

டிக்கெட்டுக்கு எழுது.

ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறாய். உன் பையில் அந்தக் கவரின் முனை தெரிந்தது. பிடுங்கிக் கிழித்துவிடத்தான் கை போயிற்று. கூட்டத்தில் எவன் செய்தான் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கையில் உன் அம்மாவின் வளையல் இருந்தது. அதைப் பார்த்ததும் கை வேறு வேலைக்குப் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் மறுபடி என் கையாகவே ஆகியிருக்கும். அந்தப் பயத்தில்தான் ஓடினேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கிருந்து நீ எழுதும் கடுதாசி இங்கே உச்சிவேளைக்கு வரும். மணியம்மா பள்ளிக்கூடம் விட்டு வரப் பொழுது சாயும். அதுவரை உள்ளே என்ன இருக்கிறதோ என்று கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. கவரின் மேலே ஒரு மரம் போடு. எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் மரம் தெரியும். மரம் இருந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்வேன்.

குளிருக்குக் கம்பளி வாங்கு.

உன் நைனா
செங்கல்வராயன் (கைநாட்டு)


கொல்லமேடு
16-2-1961

சிரஞ்சீவி கோவர்த்தனனுக்கு,

இங்கே கடலை பிடுங்கியாயிற்று. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. சித்தூர்க் கல்லூரியில் நீ கேட்ட வேலைக்கு யாரோ குண்டூர்ப் பையனைச் சேர்த்துக்கொண்டார்களாம், பச்சையப்பன் சொன்னான்.

உன் முதல் கடுதாசியில் மரம் பெரியது. கிளை, இலை, அடியில் வேர்கூடப் போட்டிருந்தாய். தபால்காரனுக்குக் காட்டினேன். இரண்டாவதில் ஒரு கோடும் மேலே ஒரு வட்டமும் இருந்தன. பரவாயில்லை, அதுவும் மரம்தான்.

நேற்று வந்ததில் மரம் இல்லை.

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முத்திரைக்கு அடியில் இருக்குமோ என்று பார்த்தேன். மணியம்மா வந்து, “அவன் கையெழுத்துதான் மாமா, எனக்குத் தெரியாதா? அவசரத்துல மறந்துட்டிருப்பான். குடுங்க, பிரிக்கிறேன்” என்றாள். கொடுக்கவில்லை. இதை எழுதும்போதும் திட்டிக்கொண்டே எழுதுகிறாள்.

கூரையில் செருகி வைத்திருக்கிறேன். வாசிக்காத கடுதாசி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மரம் போட்டு இன்னொன்று எழுது. சின்னதாக இருந்தாலும் போதும். அது வந்த பிறகு இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்கிறேன்.

அங்கே மழை அதிகமா?

உன் நைனா
செங்கல்வராயன் (கைநாட்டு)