இரண்டாவது சீவாளி

கோட்டை,
1779 ஜனவரி 14

என் கண்ணான தொரோத்தாவுக்கு,

குளிரில் விரல் விறைக்கிறது, ஆனாலும் உயிரோடுதான் இருக்கிறேன். பிராகில் நீயும் குழந்தை அனேஷ்காவும் சுகம்தானே? அவளுக்குப் பல் முளைத்ததே உன் கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது. பெற்ற அப்பனின் லட்சணம் இது.

பண்ணை ஆள் என்ற கட்டிலிருந்து விடுதலை கேட்டேன். பிரபு காபி குடித்துக்கொண்டே, "நீ என் மண்ணுல பொறந்தவன்டா இக்னாஸ். உன்னை அனுப்பிட்டு நான் யார் வாசிக்கக் கேக்கறது?" என்றார். அதோடு ஒரு பரிசு வேறு. எனக்கென்றே ஒரு கன்செர்ட்டோ எழுத வைத்திருக்கிறார். வாத்தியக்குழு முழுவதும் பின்னால் அடங்கி வாசிக்க, என் பாசூன் முன்னால் நின்று பாடவேண்டும். எப்போதும் மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் இந்த ஆளுயரக் குழலுக்கு இப்படியொரு யோகம். மெதுவாகப் போகும் இரண்டாம் பகுதியை வாசித்துப் பார்த்தபோது அழுதுவிட்டேன். பிறகு அதே பச்சைச் சீருடையோடு போய் அவருக்கு சூப் பரிமாறினேன்.

உன் இக்னாஸ்

பிராகு,
பிப்ரவரி 2

அன்புள்ள இக்னாஸுக்கு,

யோகம் இருக்கட்டும். உங்கள் மகள் பக்கத்து வீட்டுச் செருப்புத் தைப்பவரை "அப்பா" என்கிறாள். அந்த மனுஷன் கூச்சத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறார். "அது மாமாடீ" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துகிறேன். நான் சிரிப்பதா, அழுவதா?

இங்கே நாடக அரங்கில் பாசூன்காரர் இடம் ஈஸ்டர் வரை காலியாக இருக்கிறது. என் அண்ணன் ப்ரோகோப் உங்களுக்காகச் சொல்லி வைத்திருக்கிறான். வழியும் அவனே சொன்னான்: "நல்லா வாசிக்கறவனை எந்தப் பிரபு விடுவான்? கெட்டுப்போனவனை ஒரு நாள் வெச்சிருக்க மாட்டான்." விரல் நடுங்கிய வயலின்காரரை மறுநாளே விடுதலைச் சீட்டோடு அனுப்பினார்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? விருந்தாளிகள் முன்னால், குழலின் வாயில் ஒரு கெட்ட நாணல் சீவாளியைச் செருகி வாசியுங்கள். ஒரு பொழுது அவமானம்தானே, பொறுத்துக்கொள்ளலாம்.

வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தொரோத்தா

கோட்டை,
பிப்ரவரி 18

தொரோத்தா,

நீ சொன்னபடியே செய்தேன். ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் விருந்து. சீவாளியின் நுனியை நானே நகத்தால் கீறிவிட்டுச் சபைக்குப் போனேன். முதல் பகுதி முழுக்க வாத்துதான் கத்தியது. ஒரு சீமாட்டி விசிறியால் வாயை மறைத்துச் சிரித்தாள். பிரபு முகம் கறுத்துப்போய்க் காரியக்காரரிடம், "நாளைக்கு இவனுக்குச் சீட்டு எழுதிடு" என்றது என் காதிலேயே விழுந்தது.

அப்படியே முடித்திருக்கவேண்டும். வயலின்கள் இரண்டாம் பகுதியைத் தொடங்கின. அதை என் கையாலேயே கொல்ல மனசு வரவில்லை. பையில் நல்ல சீவாளி இருந்தது. மாற்றிவிட்டேன்.

பிரபு கண்ணீரோடு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "சாகற வரைக்கும் உன்னை விடமாட்டேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

தோட்டத்துப் பக்கம் வீடு தருகிறாராம். குடியேறினால் நீயும் குழந்தையும் என்னைப்போல அவருடைய பண்ணை ஆட்கள் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். வெறும் சடங்குதான். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் வந்துவிடு.

இக்னாஸ்

பிராகு,
மார்ச் 6

இக்னாஸுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "பாவம், மனசு கேக்கலை" என்றான். அப்படி நினைக்க எனக்கும் ஆசைதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கெட்ட சீவாளியோடு கிளம்பியவர் நல்லதை எதற்குப் பையில் போட்டுக்கொண்டீர்கள்? மாற்று இல்லாமல் வாசிக்கப் போவதில்லை என்பீர்கள். அன்றைக்கு எதற்கு மாற்று?

பிரபுவைக் குறை சொல்லி என்ன பயன்? உங்கள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அந்த இரண்டாம் பகுதியை ஒரு தடவை கேட்கவேண்டும் என்றும் இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம்.

நாங்கள் வரமாட்டோம். அனேஷ்கா யாருக்கும் ஆளாகப் பிறந்தவள் இல்லை. அவளைச் சூப் பரிமாற வளர்க்கமாட்டேன். நாடக அரங்குக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நேற்று செருப்புத் தைப்பவரை அவள் மறுபடியும் அப்பா என்றாள். நான் திருத்தவில்லை.

தொரோத்தா