ஏதோ அடிப்பேனுங்க

என் சந்தேகக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வருகிற முதல் கடலை வெள்ளாமை இது. காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் நேற்று வரப்பில் நின்று விளைச்சலை விசாரித்தார். அம்மா அப்படியே உங்களைப் போலச் சொன்னாள்: "ஏதோ இருக்குதுங்க."

மூட்டை கூரையைத் தொட்டு நின்றாலும் நீங்கள் அதைத்தான் சொல்வீர்கள். உள்ளதைச் சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்பீர்கள். கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று முதலில் யோசி என்பீர்கள். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டதப்பா.

தம்பி படிப்பு நிற்கக்கூடாது, எனக்கு வேலை வேண்டும். தருமபுரியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்குக் கூப்பிட்டார்கள். இன்டர்வியூ எடுத்தவர் சிரித்துக்கொண்டே இருந்தார், எனக்கு அப்போதே சந்தேகம். எவ்வளவு வேகமாக அடிப்பாய் என்று கேட்டார். டைப்பிங் பரீட்சையில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் பண்ணினவள் நான். வாயில் வந்தது, "ஏதோ அடிப்பேனுங்க."

ஃபைலை மூடிவிட்டார். வேலையை யாருக்கோ முன்பே முடித்துவிட்டு நம்மை ஒப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் திட்டித் தீர்த்தேன். அந்தச் சந்தேகம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் வேகம் அவருக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் கூப்பிட்டார்கள். அங்கே மேனேஜர் சிரிக்கவே இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. அதே கேள்வி. 'ஏதோ' நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கினேன்.

"ரெண்டு பாஷையிலயும் ஹையர் பாஸ் பண்ணியிருக்கேன் சார். மெஷின் குடுங்க, இப்பவே அடிச்சுக் காட்டறேன்."

கொடுத்தார், அடித்தேன். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பிழை தேடினார். நம்பாமல் இன்னொரு பக்கம் அடிக்கச் சொன்னார். அவரும் உங்கள் ஆள்தான் போலிருக்கிறது.

திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்கள். நம் இண்டூரில் கேட்கிறவர்களிடம் அம்மா, "ஏதோ போய்ட்டு வந்தா" என்கிறாள்.

அப்பா, ஒன்று கேட்கட்டுமா? பத்தாவதில் நான் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது, கேட்டவர்களிடமெல்லாம் "ஏதோ பாஸாயிட்டா" என்றீர்கள். அன்றைக்கு மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன். கண்ணு பட்டுவிடும் என்றா அப்படிச் சொன்னீர்கள், பொட்டைப் பிள்ளைதானே என்றா?

பதில் சொல்ல நீங்கள் இல்லை. கண்ணுக்குப் பயந்துதான் என்று நம்பிக்கொள்கிறேன். இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன் அப்பா, இது சத்தியம். சொல்லிவிட்டு, வூட்டுக்கு வந்து உங்களுக்காக உப்பு மிளகாய் சுற்றிப் போட்டுக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த
உங்கள் மூத்த மகள்,
செல்வி