கம்பியில்லா வால்வு

பிப்ரவரி 9
தக்காளி நாற்று முழுக்க மூழ்கிவிட்டது. காலையில் வால்வைத் திறந்த இவர் மூடவே இல்லை. கேட்டால், "நான் எங்க திறந்தேன்?" என்கிறார். பொய் சொல்கிற முகமில்லை அது. டாக்டர் சொன்ன மறதி நோய் வயல்வரைக்கும் வந்துவிட்டது.

பிப்ரவரி 12
மகள் போனில் சொன்னாள்: "அம்மா, வீட்ல உக்காந்தே வால்வைத் திறந்து மூடலாம். வயர்கூட வேண்டாம். அப்பா வயலுக்கே போக வேண்டியதில்ல."
போக வேண்டியதில்லையா? கல்யாணத்துக்கு மறுநாளே தண்ணீர் கட்டப் போன மனுஷன்.

பிப்ரவரி 20
மகள் ஏற்பாடு செய்த வால்வுக்காரர் வந்து வரப்பு வரப்பாக நடந்து பார்த்தார். மோட்டார் அறைமேல் ஆன்டெனா. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு பேட்டரிப் பெட்டி, சின்ன சோலார் தகடு. மக்காச்சோளம் வளர்ந்தால் சிக்னலைத் தடுக்குமாம், கம்பத்தை உயர்த்தி நட வேண்டும். "அடுத்ததைத் திறந்துட்டுத்தான் இதை மூடணும்க்கா. இல்லன்னா பைப் வெடிச்சிரும்."
பின்னாலேயே வந்த இவர், "வயரே இல்லாமயா? அப்படியே தண்ணியே இல்லாம பயிர் வளக்குற மிஷினும் ஒன்னு கொண்டாங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். பழைய ஆள் ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போனார்.

மார்ச் 2
அவருடைய அக்கா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். என்ன என்று போனேன். வேறென்ன செய்ய?

மார்ச் 11
எல்லாம் பொருத்தியாகிவிட்டது. போனைத் தொட்டால் தண்ணீர். வயலுக்குக் கிளம்பிய இவரை வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தார் — "பயிர் காயுது, திறந்து விடுங்கம்மா."
விடுங்கம்மாவா? கட்டினவ கிட்ட கெஞ்சுறாரே! இதுக்கா இவ்வளவு திட்டம் போட்டேன்? என்னால தாங்க முடியல.

மார்ச் 12
வால்வுக்காரரைத் திரும்ப வரச்சொன்னேன். கழற்றிப்போட்ட பழைய கை வால்வு ஒன்றை, குழாயோடு சேர்க்காமல், வெறுமனே பாத்தி ஓரம் நட்டுத் தரச் சொன்னேன்.
"எதுக்குக்கா?"
சொன்னேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் நடந்தார்.

மார்ச் 15
காலையில் இவர் முன்னே போனார். போனைக் கைக்குள் மறைத்துக்கொண்டு நான் பின்னே. குனிந்து திருகினார். நான் போனைத் தொட்டேன். பாத்தியில் தண்ணீர் பாய்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு. என்னைப் பார்த்தார்.
"நீங்க அந்தப் பக்கந்தான போறீங்க? எங்க வீட்டுக்காரியப் பாத்தா சொல்லிருங்க, தண்ணி கட்டிட்டேன், சாப்பிட வந்துர்றேன்னு."
"சொல்றேங்க" என்றேன்.