உயிரோடிருக்கும் என் தாயாருக்கு நடக்கவிருக்கும் கும்பாபிசேகம் தொடர்பாக

அனுப்புபவர்:
திருமதி சுதர்சினி மதுசன்,
குளத்தடி வீதி, ஒட்டுசுட்டான்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், ஒட்டுசுட்டான்.

விடயம்: சிற்பி அப்புத்துரை பூங்காவில் அம்மனாக்கப்பட்டிருக்கும் என் தாயாரின் சிலை

மதிப்புக்குரிய ஐயா,

1. காலஞ்சென்ற சிற்பி அப்புத்துரை அவர்களின் வீடும் தோட்டமும் திருத்தப்பட்டு, அண்மையில் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது தாங்கள் அறிந்ததே. என் தாயார் சுப்பம்மா, மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த காலத்தில் அந்தத் தோட்டத்தில்தான் வேலை செய்தார். தாமரைக் குளம் வெட்டியதிலும் கமுகு நட்டதிலும் அவர் கை இருக்கிறது. ஒருநாள் வேலை ஓய்ந்து, மடியில் மண்வெட்டியோடு மருதமரத்தடியில் அவர் குந்தியிருந்த கோலத்தைச் சிற்பி சீமெந்தில் செய்து, அந்த மண்வெட்டியையே அதன் மடியில் வைத்து, அங்கேயே இருத்தினார். யுத்தத்தின் பின் காடு மூடிக் கிடந்த அந்தச் சிலையை மறுபடி பார்க்க அம்மா ஆசைப்பட்டதால், கடந்த ஞாயிறு அவரை அழைத்துச் சென்றேன்.

2. தோட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஓர்கிட்டும் அன்தூரியமும் பூத்துக் கிடந்தன. தான் நட்ட மரங்களையெல்லாம் அம்மா தொட்டுத் தொட்டு நடந்தார். மருதமரத்தடிக்கு வந்ததும் இருவரும் திகைத்து நின்றுவிட்டோம். சிலையிலிருந்த அம்மாவின் முகத்துக்கு மஞ்சள் பூசி, வெள்ளிக் கண்மலர் ஒட்டி, சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தார்கள். மண்வெட்டியைக் காணவில்லை. கையில் சூலம். கழுத்தில் செவ்வந்தி மாலை, முன்னால் எரியும் விளக்கு.

அம்மா கிட்டப் போய்ச் சிலையின் கன்னத்தைத் தொட்டார். கற்பூரத் தட்டோடு வந்த ஒரு பெண், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, நாச்சியார் அம்மனுக்குத் தீபம் காட்டப் போறம்" என்றார். என் தாயாரும் தள்ளி நின்றார்.

3. பூங்காப் பராமரிப்புக் குழுத் தலைவர் திரு. வீரகத்தியிடம் விசாரித்தேன். காடு துப்பரவாக்கிய நாட்களில் யானையொன்று வேலியை உடைத்து வந்து, சிலைக்கு முன்னால் நின்றுவிட்டு, ஒருவருக்கும் தீங்கு செய்யாமல் திரும்பியதாம். அன்றிலிருந்து அது அம்மனாம். ஐயா, எங்கள் வளவுக்கும் யானை வந்து வாழையைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போவதுண்டு. அதற்காக எங்களை எவரும் கும்பிட்டதில்லை. இது என் தாயார் என்று சொன்னபோது, "பிள்ளை, அப்பிடிக் கதையாதேங்கோ, தெய்வக் குத்தம்" என்று என்னையே எச்சரித்தார். சிலைக்கும் அம்மாவுக்கும் இடது காதுமடல் ஒரே மாதிரிக் கிழிந்திருப்பதைக் காட்டினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

4. உயிரோடிருப்பவரின் உருவத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. "நான் இருக்கேனா, போயிட்டேனா புள்ள?" என்று கேட்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

5. வரும் தைப்பூசத்தன்று கும்பாபிசேகம் என்றும், தாங்களே பிரதம விருந்தினர் என்றும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் தாங்கள் நேரில் வந்து பார்த்து, அதை நிறுத்தி, மாலையையும் சூலத்தையும் அகற்றி, மண்வெட்டியை அம்மாவின் மடியில் திரும்ப வைப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அது பூங்காக் களஞ்சிய அறையின் பின்புறம் கிடப்பதை அன்றே கண்டேன். அம்மனுக்கு வேறிடத்தில் கோயில் கட்டுவதானால் நாங்களும் கல் சுமப்போம்.

அதையும் மீறி நடந்தால், அன்று அம்மாவைக் கூட்டிவந்து சிலைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்துவேன். தீபாராதனையை எந்தப் பக்கம் காட்டுவதென்று குருக்கள் தீர்மானிக்கட்டும்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) ம. சுதர்சினி

இடம்: ஒட்டுசுட்டான்
திகதி: 22.01.2025

மேற்படி சுப்பம்மா உயிரோடிருப்பதற்குச் சான்றாக அவரின் இடது பெருவிரல் அடையாளம் கீழே இடப்பட்டுள்ளது.